அடி விழவில்லையா? சின்ன லெவல் கேரக்டருக்கு மிஸ் குறைக்கும் வழி

ஹட்டன் டவுன் நெட் கபேயில் உட்கார்ந்தாலும் சரி, லயத்து இஸ்தோப்பில் (தோட்ட வரிசை வீட்டின் முன்திண்ணையில்) போனைச் சுவரோடு சாய்த்து வைத்து விளையாடினாலும் சரி, ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரை லெவல் லெவலாக வளர்க்கும் கேமுக்குப் புதிதாக வந்தவரின் முதல் புலம்பல் ஒன்றுதான்: “மச்சான், எவ்வளவு அடிச்சாலும் மிஸ்தான் வருது.” பக்கத்தில் இருப்பவர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வார்: “டெக்ஸ் போடு.”

அந்தப் பதிலில் அரைவாசிதான் சரி. டெக்ஸ் என்பது கேரக்டரின் குறியைக் கூட்டும் ஸ்டாட், அதில் புள்ளி போட்டால் அடி விழும். ஆனால் சின்ன லெவலில் கையில் இருக்கும் ஸ்டாட் புள்ளிகள் (லெவல் ஏறும்போது கேரக்டரை வளர்க்கக் கிடைப்பவை) சொற்பம். பல கேம்களில் ஒருமுறை போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது, முடிந்தாலும் காசு கேட்கும். அதற்கு முன்னால் ஒரு புள்ளிகூடச் செலவழிக்காமல் மிஸ்ஸைக் குறைக்கும் வேலைகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டுக் கடைசியாகப் புள்ளிக்கு வாருங்கள்.

திரையில் என்ன எழுத்து வருகிறது?

அடி படாததெல்லாம் மிஸ் இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கை எடுத்துக்கொள்வோம். ‘மிஸ்’ என்று வந்தால் உங்கள் குறி போதவில்லை. ‘டாட்ஜ்’ என்றால் எதிரி விலகிவிட்டது. ‘பாரி’, ‘பிளாக்’ என்றால் ஆயுதத்தாலோ கேடயத்தாலோ தடுத்துவிட்டது. கடைசி இரண்டும் எதிரியின் முகத்துக்கு நேரே நின்று அடிப்பதால் வருபவை. முதுகுப் பக்கம் போனால் இரண்டும் மறைந்துவிடும், டாட்ஜ் மட்டும் மிஞ்சும். மந்திரக்காரருக்கு மிஸ் என்பது ‘ரெசிஸ்ட்’ என்ற பெயரில் வரும். ‘இவேட்’ வந்தால் அந்த மான்ஸ்டர் உங்களை எட்ட வழியில்லாமல் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அப்போது எந்த அடியும் விழாது, கியரை (ஆயுதம், உடுப்பு) மாற்றிப் புண்ணியமில்லை. பாறைமேல் ஏறி நின்று வில் விடும் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

எழுத்தே வராவிட்டால்? வாள் வீசுகிற அசைவு தெரிகிறது, எண்ணும் இல்லை, மிஸ்ஸும் இல்லை என்றால் அது ஹிட் பிரச்சினை இல்லை, இன்டர்நெட் லைன் பிரச்சினை. அதைப் பின்னால் பார்ப்போம்.

கழித்தல் கணக்கு

கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்ட ராக்னராக் ஆன்லைனின் பழைய வடிவம், அதாவது ரினியூவல் என்ற பெரிய மாற்றத்துக்கு முந்தையது, இந்தப் பாடத்துக்கு வாகான கேம். கணக்கை வாய்ப்பாடு மாதிரி மனத்தில் போடலாம். உங்கள் ஹிட் (குறியின் அளவு) என்பது லெவலும் டெக்ஸும் கூட்டினால் வருவது. மான்ஸ்டரின் ஃப்ளீ (விலகும் திறன்) என்பது அதன் லெவலும் அஜியும் (சுறுசுறுப்பு) கூட்டினால் வருவது. அடி விழும் சதவீதம்: 80 கூட்டல் உங்கள் ஹிட் கழித்தல் அதன் ஃப்ளீ. ஆக, மான்ஸ்டரின் ஃப்ளீயோடு 20 கூட்டினால் வருவதுதான் முழுசாக அடி விழத் தேவையான ஹிட். எவ்வளவு மோசமான நிலையிலும் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்காது.

இப்போது மான்ஸ்டர்களை இந்தக் கணக்கில் வரிசைப்படுத்துங்கள். போரிங் லெவல் 1, அஜி 1: தேவையான ஹிட் 22. லூனாட்டிக்குக்கு 26. ராக்கருக்கு 38. ஃபமிலியர் என்ற வௌவாலுக்கு 40. இதுவரை பெரும்பாலும் லெவலை ஒட்டியே ஏறுகிறது. அடுத்துதான் விஷயம். ஹார்னெட் என்ற குளவி லெவல் 8தான், ஆனால் அஜி 20. தேவையான ஹிட் 48. ஸ்போர் என்ற காளான் லெவல் 16, அஜி 12. அதற்கும் 48தான்! எட்டு லெவல் வித்தியாசம் இருந்தும் இரண்டையும் அடிப்பது ஒரே அளவு கஷ்டம். அதே லெவல் 16இல் இருக்கும் கிரீமி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அஜி 40, தேவையான ஹிட் 76.

லெவல் 12 வாள்வீரன் ஒருவன், டெக்ஸ் 6. அவன் ஹிட் 18. ஸ்போரில் 70 சதவீதம் விழும். கிரீமியில் 42 சதவீதம். மைதானத்தை மாற்றிய ஒரே காரணத்துக்காக 28 சதவீதம் கூடியிருக்கிறது. புள்ளி செலவில்லை, காசு செலவில்லை. பறப்பது, துள்ளுவது, சின்னதாகச் சுறுசுறுப்பாக இருப்பது எல்லாம் பெரும்பாலும் அஜி கூடியவை. காளான், புழு, முட்டை மாதிரி அசமந்தமானவை சின்ன லெவலுக்கு ஏற்ற இரை. மான்ஸ்டரின் லெவலை மட்டும் பார்த்து வேட்டைக்குப் போகிறவர்கள்தான் “டெக்ஸ் போதல” என்று அழுகிறார்கள்.

ரினியூவல் வடிவத்தில் எண்கள் பெரிதாகியிருக்கின்றன. உங்கள் ஹிட்டோடு 175 சேரும், லக்கில் மூன்றில் ஒரு பங்கும் சேரும். மான்ஸ்டரின் ஃப்ளீயோடு 100 சேரும். பிறகு நேரடியாக ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சதவீதம். கழித்துப் பார்த்தால் 80 இருந்த இடத்தில் 75 வந்திருக்கிறது, அவ்வளவே.

சரி, எப்போதுதான் புள்ளி போடுவது?

ராக்னராக்கில் ஸ்டாட் புள்ளிக்கு ஏறுவிலை. 1இலிருந்து 11 வரை ஒவ்வொரு படிக்கும் 2 புள்ளி, 11இலிருந்து 21 வரை 3, 21இலிருந்து 31 வரை 4. அந்த வாள்வீரனின் டெக்ஸை 6இலிருந்து 16 ஆக்க 10ம் 15ம் சேர்த்து 25 புள்ளி வேண்டும். லெவல் 10 முதல் 14 வரை ஒரு லெவல் ஏறினால் கிடைப்பது 5 புள்ளி. ஆக இது ஐந்து லெவலின் சம்பளம். அந்த ஐந்து லெவல் ஏறியதாலேயே ஹிட் சும்மா 5 கூடியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

25 புள்ளியை டெக்ஸில் போடுவதா, சேதத்தைக் கூட்டும் ஸ்ட்ரெங்த்தில் போடுவதா? ஒரு அடிக்கு 60 சேதம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்போரில் 70 சதவீதம் என்பதால் ஒரு வீச்சுக்குச் சராசரி 42. டெக்ஸை 16 ஆக்கினால் 80 சதவீதம், சராசரி 48. அதே 25 புள்ளியில் 20இல் இருக்கும் ஸ்ட்ரெங்த் 26 ஆகும். சேதம் 66, அதில் 70 சதவீதம் 46 சொச்சம். டெக்ஸ் சற்று மேல்.

ஆனால் ஸ்ட்ரெங்த்துக்குப் பத்துப் பத்தாக ஒரு போனஸ் உண்டு: பத்தின் இலக்கத்தை அதனாலேயே பெருக்கிச் சேர்ப்பார்கள். 20இல் அது 4, 30இல் 9. இன்னும் பொறுத்து 39 புள்ளி சேர்த்து 20ஐ 30 ஆக்கினால் சேதம் 15 கூடி 75; அதில் 70 சதவீதம் 52.5. அதே 39 புள்ளிக்கு டெக்ஸ் 20 வரை வரும், 2 மிச்சம்; 84 சதவீதம், சராசரி 50.4. இப்போது ஸ்ட்ரெங்த் முந்திவிட்டது. இதே இரண்டு ஆட்களையும் கிரீமியிடம் அனுப்புங்கள். டெக்ஸ்காரருக்கு 56 சதவீதத்தில் 33.6, ஸ்ட்ரெங்த்காரருக்கு 42 சதவீதத்தில் 31.5. மறுபடி டெக்ஸ்! மான்ஸ்டரின் டிஃபென்ஸ், ஆயுதத்தின் சைஸ் குறைப்பு எல்லாம் சேர்த்தால் தசமங்கள் மாறும், போக்கு மாறாது. விழும் சதவீதம் 50ஐ ஒட்டிக் கிடக்கும்போது ஹிட் கூட்டுவது லாபம். 80ஐத் தாண்டினால் சேதம் கூட்டுவது லாபம். 50ஐ 55 ஆக்கினால் மொத்தச் சேதத்தில் பத்தில் ஒரு பங்கு கூடும். 90ஐ 95 ஆக்கினால் அதில் பாதியளவுதான் கூடும். 100ஐத் தாண்டிய ஹிட் வெறும் குப்பை.

கிரிட்டிக்கல் அடி (எப்போதாவது விழும் பலத்த அடி) ஃப்ளீயைப் பார்க்காது என்று கேள்விப்பட்டு லக்கில் புள்ளியைக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிரிட்டிக்கல் சதவீதம் என்பது 1 கூட்டல் லக்கில் பத்துக்கு மூன்று. லக் 30 வைத்தால் 10 சதவீதம். லக்கை 1இலிருந்து 30 ஆக்க 86 புள்ளி. சின்ன லெவலில் இந்த வியாபாரம் கட்டாது. பிற்காலத்தில் கட்டார் என்ற ஆயுதத்தோடு வரும் அசாசின் கேரக்டருக்கு வேறு கணக்கு.

மாறாக, வாள்வீரனின் ‘பாஷ்’ என்ற சிறப்பு அடி சேதத்தோடு குறியையும் கூட்டும். கடினமான மான்ஸ்டரில் வெறும் வீச்சு வீணாகிக்கொண்டிருந்தால் எஸ்பியை (சிறப்பு அடிகளுக்கான சக்தி) அதற்குச் செலவழியுங்கள். மந்திரக்காரரின் போல்ட் வகைகள் ஃப்ளீயைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஹார்னெட்டும் கிரீமியும் அவர்களுக்கு விருந்து.

கூட்டாளி ஒருவர் அகோலைட்டாக (மற்றவருக்குப் பலம் கூட்டும் கேரக்டர்) இருந்தால் இன்னும் நல்லது. லெவல் 10 ‘பிளெஸ்ஸிங்’ டெக்ஸை 10 கூட்டும், 240 விநாடி நிற்கும். மேலே 25 புள்ளி கொடுத்து வாங்கிய அதே பத்து ஹிட்! ஒரே லயத்தில் நாலு பேர் விளையாடுகிறீர்கள் என்றால் நாலு பேரும் வாள்வீரன் எடுப்பதைப் போல மடத்தனம் வேறில்லை. ஒருவரை அகோலைட் எடுக்கச் சொல்லிக் கெஞ்சுங்கள். ஆயுதத்தில் ஸ்லாட் (கார்டு செருகும் துளை) இருந்தால் மம்மி கார்டு ஹிட்டை 20 கூட்டும், ஆனால் சின்ன லெவலில் அதற்குக் காசு சேர்ப்பதற்குள் லெவலே ஏறிவிடும்.

போனில் விளையாடுவோருக்கு: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்

காசு கட்டாமல் ஆரம்பிக்கலாம் என்பதாலும், 2018இலிருந்து போனிலும் ஓடுவதாலும் இதைத் தொடங்குகிறவர்கள் அதிகம். இங்கே கணக்கு கழித்தல் இல்லை, பெருக்கல். அட்டாக் லெவலோடு 8 கூட்டுங்கள். அடிக்கும் பாணியை ‘அக்யூரேட்’ என்று வைத்தால் இன்னும் 3. இந்தத் தொகையை, கியரின் அட்டாக் போனஸோடு 64 கூட்டி வருவதால் பெருக்குங்கள். இது உங்கள் உச்ச வீச்சு. மான்ஸ்டருக்கு அதன் டிஃபென்ஸ் லெவலோடு 9 கூட்டி, டிஃபென்ஸ் போனஸோடு 64 கூட்டியதால் பெருக்க வேண்டும். இரு பக்கமும் பூஜ்யத்திலிருந்து தன் உச்சம் வரை ஒரு எண்ணைக் குலுக்கிப் போடும். உங்கள் எண் பெரிதானால் அடி விழும்.

டிஃபென்ஸ் 1, போனஸ் 0 உள்ள ஒரு மான்ஸ்டரை வைத்துப் பார்ப்போம். அதன் உச்சம் 640. உங்களிடம் அட்டாக் 1, கையில் வெண்கல ஸ்கிமிட்டார், வெட்டும் போனஸ் 7. ‘அக்ரெசிவ்’ பாணியில் நின்றால் 9ஐ 71ஆல் பெருக்கி 639. விழும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தொட்டும் தொடாமல் நிற்கும். ஒரு பொத்தானைத் தட்டி அக்யூரேட்டுக்கு மாற்றுங்கள்: 12ஐ 71ஆல் பெருக்கி 852, வாய்ப்பு 62 சதவீதம். ஒரு பொத்தானுக்கு 12 சதவீதம். இரும்பு ஸ்கிமிட்டார், போனஸ் 10, வாங்கினால் 64தான் ஆகும். இம்ப் கேட்சர் குவெஸ்ட் (கேம் தரும் வேலை) முடித்து வாங்கும் அமுலெட் ஆஃப் அக்யூரசியின் 4 போனஸை வெண்கலத்தோடு சேர்த்தாலும் அதே 64தான். குவெஸ்டைச் செய்ய வேண்டாம் என்பதில்லை, ஆனால் லெவல் 1இல் அதற்காக நாலு நிற மணி தேடி அலைவது நேர விரயம்.

லெவல் ஏற்றுவதுதான் இங்கே பெரிய நெம்புகோல். அட்டாக் 10, அதே வெண்கலம்: 78 சதவீதத்தைத் தாண்டிவிடும். அட்டாக் 10 வர 1,154 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். அக்யூரேட் பாணியில் ஒரு சேதத்துக்கு 4 எக்ஸ்பி அட்டாக்குக்கே போகும். ஆக 289 சேதம். மாட்டுக்கு உயிர்ப்புள்ளி 8. 37 மாடு அடித்தால் போதும். இடையில் அட்டாக் 5 வந்ததும் எஃகு ஸ்கிமிட்டார் எடுத்துவிடுங்கள், போனஸ் 15. 20இல் மித்ரில், 21. 30இல் அடமண்ட், 29. 40இல் ரூன், 45.

அட்டாக் 10இல் எஃகோடு அக்யூரேட் 81 சதவீதம், அக்ரெசிவ் 77. லெவல் 1இல் 12 ஆக இருந்த வித்தியாசம் இப்போது மூன்று, நாலுக்குச் சுருங்கிவிட்டது. இந்த இடத்தில் பாணியை மாற்றி ஸ்ட்ரெங்த் பயிற்சிக்குப் போகலாம். முதல் நாளிலேயே அக்ரெசிவ் போட்டுப் பூஜ்யமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் செய்வது வரிசைப் பிழை.

தற்காலிகமாகப் பலம் கூட்டும் பிரேயரில் ஒரு பொறி இருக்கிறது. பிரேயர் லெவல் 7இல் வரும் ‘கிளாரிட்டி ஆஃப் தாட்’ அட்டாக்கை 5 சதவீதம் கூட்டும் என்று எழுதியிருக்கும். பெருக்கிய பின் தசமத்தை வெட்டிவிடுவார்கள். அட்டாக் 10க்கு 5 சதவீதம் கூட்டினால் 10.5, வெட்டினால் 10. ஒன்றுமே கூடவில்லை, பிரேயர் புள்ளி மட்டும் கரைகிறது. அட்டாக் 20 வந்தால்தான் முதல் 1 கிடைக்கும். லெவல் 16இன் ‘இம்ப்ரூவ்ட் ரிஃப்ளெக்சஸ்’ 10 சதவீதம், அது அட்டாக் 10இலிருந்தே வேலை செய்யும். அட்டாக் போஷன் 3ம் லெவலில் பத்தில் ஒன்றும் கூட்டுவதால் சின்ன லெவலில் சதவீதக் கணக்கில் ஆகப் பலமானது அதுதான், ஆனால் காசு கட்டும் மெம்பர்களுக்கு மட்டும்.

இன்னும் இரண்டு. குத்து, வெட்டு, நொறுக்கு என்று மூன்று வகை அடிக்கும் மான்ஸ்டருக்குத் தனித்தனி டிஃபென்ஸ். எலும்புக்கூட்டை வாளால் வெட்டுவதைவிட மேஸால் நொறுக்குவது எளிது. அடுத்து, இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு மந்திரம் வீசாதீர்கள். பிளேட்பாடி ஒன்றே மேஜிக் அட்டாக்கை 30 குறைக்கும். 64இல் 30 போனால் மிச்சம் 34. உங்கள் வீச்சு பாதியாகிவிட்டது. மந்திரம் ‘ஸ்பிளாஷ்’ (மந்திரத்தின் மிஸ்) ஆகிக்கொண்டே இருப்பதாகப் புலம்புகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

வார்கிராஃப்ட் கிளாசிக்

இங்கே சின்ன லெவலில் ஹிட் கூட்டும் கியர் கிடைக்காது, தேடி அலையவும் வேண்டாம். லெவல் வித்தியாசமும் ஆயுதத் திறனும்தான் எல்லாம்.

மந்திரக்காரருக்கு லெவல் வித்தியாசம் படு பயங்கரம். சம லெவல் மான்ஸ்டரில் 4 சதவீதம் தவறும். ஒரு லெவல் கூடினால் 5, இரண்டு கூடினால் 6. மூன்றாவதில் 17க்குத் தாவும். நாலில் 28, ஐந்தில் 39. நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு இறங்கும் பாதை மாதிரி, சமமாகப் போய்க்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று பள்ளம். ஆகவே மேஜ், வார்லாக் எடுத்தவர்கள் தன் லெவலுக்கு இரண்டு மேல் என்பதைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். குவெஸ்ட் அதற்கு மேலுள்ளதைக் கேட்டால் ஒரு லெவல் ஏறிவிட்டு வாருங்கள்.

கைச்சண்டைக்காரருக்குச் சரிவு மெதுவானது. சம லெவலில் 5 சதவீதம், மூன்று லெவல் மேலுள்ளதில் 8. அவர்களைக் கவிழ்ப்பது ஆயுதத் திறன். உச்சம் உங்கள் லெவலின் ஐந்து மடங்கு. லெவல் 20இல் 100. வெப்பன் மாஸ்டரிடம் 10 வெள்ளிக்காசு கொடுத்துப் புதிய ஆயுதம் பழகினால் திறன் 1இல் ஆரம்பிக்கும். லெவல் 20 மான்ஸ்டரின் டிஃபென்ஸ் 100. வித்தியாசம் 99. பத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.2 சதவீதம் என்ற கணக்கில் ஏறத்தாழ 25 சதவீதம் மிஸ். குவெஸ்டில் பெரிய கோடரி கிடைத்ததென்று வாளைப் போட்டுவிட்டுப் போய் அடி வாங்குகிறவர் கதை இதுதான். புது ஆயுதத்தை மூன்று நாலு லெவல் குறைந்த, லெவல் எண் பச்சையாகத் தெரியும் மான்ஸ்டர்களில் கொஞ்ச நேரம் பழக்கிவிட்டுப் பிறகு குவெஸ்டுக்குப் போங்கள். ஆரம்பப் புள்ளிகள் வேகமாக ஏறும். ஹியூமனுக்கு வாளிலும் மேஸிலும், ஓர்க்குக்குக் கோடரியிலும் திறன் 5 கூடுதலாகவே வரும் என்பதால் அந்த இனங்களை எடுத்தவர்கள் அதிலேயே நிற்பது புத்தி.

லெவல் 10இல் ரோக்குக்கு இரண்டு கையிலும் ஆயுதம் வரும். அன்றிலிருந்து சும்மா வீசும் அடிகளில் மிஸ் 19 சதவீதம் கூடும், அதாவது சம லெவலில் 24. பயப்பட வேண்டாம், அது கேமின் ஒழுங்கு. ‘சினிஸ்டர் ஸ்ட்ரைக்’ மாதிரிப் பொத்தான் அடிகளுக்கு அந்தத் தண்டனை கிடையாது.

பகடை வகை

நெவர்விண்டர் நைட்ஸ் போல 20 பக்கப் பகடையில் ஓடும் கேம்களில் ஒவ்வொரு 1 போனஸும் 5 சதவீதம். 20 விழுந்தால் எப்போதும் அடி, 1 விழுந்தால் எப்போதும் மிஸ். லெவல் 1 ஃபைட்டருக்கு அடிப்படை 1, ஸ்ட்ரெங்த் 16க்கு 3, வெப்பன் ஃபோகஸ் என்ற திறனுக்கு 1, மொத்தம் 5. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 15 என்றால் பகடையில் 10 வேண்டும், 55 சதவீதம். இதில் குறியைக் குறைத்துச் சேதத்தைக் கூட்டும் ‘பவர் அட்டாக்’கைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால் குறியில் 5 குறையும், சேதத்தில் 5 கூடும். 30 சதவீதமாகிவிடும். நீளவாளின் சராசரி 7.5 சேதத்தை வைத்துப் பெருக்கினால் அணைத்திருக்கும்போது 4.1, போட்டிருக்கும்போது 3.75. சின்ன லெவலில் அது நட்டம்.

மலையும் லைனும்

மிஸ் என்ற எழுத்து வந்துவிட்டால் பகடையை சர்வர் உருட்டி முடித்துவிட்டது என்று பொருள். உங்கள் பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம், மில்லி விநாடியில்) 60 ஆனாலும் 300 ஆனாலும் அந்தச் சதவீதம் மாறாது. ரூன்ஸ்கேப்பில் எல்லாமே 0.6 விநாடித் துடிப்பில் நடப்பதால் மஸ்கெலியாப் பள்ளத்தாக்கில் இருந்து விளையாடினாலும் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். குறிபார்த்து நீங்களே திருப்பி அடிக்கும் அக்ஷன் வகைக் கேம்களில் மட்டும் லைன் நேரடியாக அடியைக் கெடுக்கும். திரையில் மான்ஸ்டர் நிற்கும் இடமும் சர்வரில் நிற்கும் இடமும் வேறாகிவிடும்.

எழுத்தே வராத அடிகளுக்கு மருந்து வீட்டில்தான். தகரக் கூரை சிக்னலை மறைக்கும். 4ஜி ரவுட்டரை அறைக்குள் அலமாரிமேல் வைக்காமல் டவர் தெரியும் பக்கத்து ஜன்னலோரம் வையுங்கள். டவர் மலைக்கு அந்தப் பக்கம் என்றால் இஸ்தோப்பின் இரு முனையிலும் மாற்றி வைத்து பிங்கைப் பார்த்து முடிவெடுங்கள், ஓர் அடி நகர்த்தினாலே மாறும். அப்டேட்களை இரவு டேட்டாவில் இறக்கிவிடுங்கள். விளையாடும் நேரத்தில் பின்னால் எதுவும் இறங்கக் கூடாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் மழைக்காலம். கரண்ட் போனால் ரவுட்டர் சாகாமல் இருக்க ஒரு சின்ன யுபிஎஸ் போதும். சண்டை நடுவில் லைன் அறுந்து கேரக்டர் செத்தால் ராக்னராக்கில் எக்ஸ்பி குறையும். அந்தக் காலங்களில் விளிம்பில் இருக்கும் மான்ஸ்டரை விட்டு ஒரு படி கீழே அடிப்பது நல்லது.

எண்ணிப் பார்க்கும் முறை

எதை மாற்றினாலும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எண்ண வேண்டும். ஒரே மான்ஸ்டர், ஒரே ஆயுதம், ஒரே பஃப் (தற்காலிகப் பலம்). ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கொப்பியில் இரண்டு பத்தி: விழுந்தது, தவறியது. ஐந்தைந்தாகக் கோடு போடுங்கள்.

எத்தனை அடி எண்ணுவது என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உண்மையான வாய்ப்பு 70 சதவீதமாக இருக்கும்போதும் தொடர்ந்து மூன்று மிஸ் வருவது 100 அடியில் இரண்டொரு தடவை நடக்கும். அந்த மூன்றைப் பார்த்துவிட்டு வாளை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 50 அடி எண்ணினால் 35 விழ வேண்டிய இடத்தில் 29 விழுவதும் சாதாரணம், 41 விழுவதும் சாதாரணம். டெக்ஸில் 5 போட்டதன் பலன் இதில் தெரியாது. 400 அடி எண்ணினால் பிழை மேலும் கீழும் 5 சதவீதத்துக்குள் வரும். 400 அதிகமாகத் தெரியலாம், ஆனால் ஸ்போர் மைதானத்தில் ஒரு சாயங்காலத்து வேட்டையிலேயே வந்துவிடும். பல கேம்களில் சண்டை லாக் இருக்கும். அதைத் திறந்து வைத்தால் கோடு போடுகிற வேலையும் மிச்சம்.